அசலூர்க்காரரின் விசில்

2021 செப்டம்பர் 25 அன்று இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரில், விக்கரேஜ் ரோடு மைதானத்தில், வாட்ஃபோர்டு அணியும் நியூகாசில் அணியும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையில் பிரிந்தன. புள்ளிப் பட்டியலில் பெரிய மாற்றம் எதையும் செய்யாத அந்த ஆட்டம் கால்பந்து வரலாற்றில் இடம்பெற்றதற்குக் காரணம், விசிலைக் கையில் வைத்திருந்த ஜாரெட் கில்லெட் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டைச் சேர்ந்தவர் என்பதுதான். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் 1992இல் தொடங்கியது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், கிளப் முதலாளிகள் என எல்லோரும் உலகின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்துவிட்ட பிறகும், பிரிட்டனையும் அயர்லாந்தையும் தாண்டி ஒரு நடுவர் அங்கே கால்வைக்க 29 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்று பார்த்தால், நடுவர் தொழிலுக்கும் ஆட்டக்காரர் தொழிலுக்கும் அடிப்படையிலேயே உள்ள வேறுபாடு தெரியவரும். ஆட்டக்காரரின் திறமைக்குச் சந்தை இருக்கிறது. அவரை ஒரு கிளப் விலைகொடுத்து வாங்கி இன்னொரு கிளப்புக்கு விற்கலாம். நடுவரோ ஒரு நாட்டுச் சங்கம் வளர்த்தெடுக்கும் ஆள். மாவட்டம், மாகாணம், இரண்டாம் நிலை லீக் என்று படிப்படியாக ஏற்றிவிடுவதும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மதிப்பீட்டாளரை அனுப்பி மதிப்பெண் போடுவதும், கடைசியில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பன்னாட்டு நடுவர் பட்டியலுக்குப் பெயரைப் பரிந்துரைப்பதும் அந்தச் சங்கமே. நாட்டைவிட்டுக் கிளம்பும் நடுவர் இந்த ஏணியையும் விட்டுக் கிளம்புகிறார். அதனால்தான் பெரும்பாலான நடுவர்கள் வெளிநாட்டுக்குப் போவது விருந்தாளியாகத்தான். போய், ஒரு தொடரில் விசில் ஊதி, திரும்பிவிடுவார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த தமிழரான கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கோப்பையில், மியூனிக்கில் போலந்து 7-0 என்று ஹெய்ட்டியை வீழ்த்திய ஆட்டத்தை நடத்தியதும், தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடியைப் பிடித்ததும் அந்த வகை. (சிங்கப்பூரோ இந்தியாவோ அதற்கு முன்னும் பின்னும் உலகக் கோப்பையில் ஆடியதில்லை, அணி போக முடியாத இடத்துக்கு விசிலும் கொடியும் போயின.) ஆனால் விருந்தாளியாகப் போவது வேறு, பிழைப்புக்காகப் போவது வேறு. இந்தக் கட்டுரையின் அக்கறை இரண்டாவது வகையினர்மீது.

ஒரு லீக் தன் நாட்டில் நடுவர்கள் இருக்கும்போதே வெளிநாட்டவரை ஏன் சம்பளம் கொடுத்து வரவழைக்கிறது? திறமைக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். வரலாறு வேறு பதிலைத் தருகிறது. அர்ஜென்டினாவில் நடுவர்கள்மீது நம்பிக்கை குலைந்து போயிருந்த 1948ஆம் ஆண்டில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் பிரிட்டனிலிருந்து எட்டு நடுவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. ஸ்பானிஷ் மொழி தெரியாத அவர்களைவிட உள்ளூர் ஆட்டத்தின் போக்கை அறிந்தவர்கள் புவனோஸ் ஐரிஸில் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் போகா ஜூனியர்ஸுக்கும் ரிவர் பிளேட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒருவருக்கு அந்த ஊரில் மாமன் மச்சான் இல்லை, குடியிருக்கும் தெருவில் எந்தக் கிளப்பின் கொடியும் பறக்கவில்லை, நாளைக்கு அவர் பிள்ளை படிக்கும் பள்ளியில் யாரும் கேலி செய்யப் போவதில்லை என்ற உறுதிதான் அன்று விலைகொடுத்து வாங்கப்பட்டது. வாங்கிய சரக்கு அவர்களுடைய அசலூர்த்தனம்.

அண்மைக் கால நிகழ்வுகளும் இதையேதான் காட்டுகின்றன. துருக்கியில் 2023 டிசம்பர் 11 அன்று, ஆட்டம் முடிந்த கையோடு அங்காராகுச்சு கிளப்பின் தலைவர் மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார்; லீக்குகளே சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அடிபட்ட மெலர் ஐரோப்பிய அளவில் மதிக்கப்படும் நடுவர், 2024 யூரோ தொடரிலும் பணியாற்றியவர். அதாவது துருக்கியிடம் இல்லாதது திறமை அல்ல. ஆயினும் 2025 பிப்ரவரி 24 அன்று கலாட்டசராய்க்கும் ஃபெனர்பாச்சேக்கும் நடந்த இஸ்தான்புல் டெர்பிக்கு (ஒரே ஊர் அணிகளின் மோதலுக்கு), முந்தைய ஆண்டு ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை நடத்திய ஸ்லோவேனியாவின் ஸ்லாவ்கோ வின்சிச்சை அழைத்தார்கள். ஆட்டம் கோலின்றி முடிந்தது. நடுவரைப் பற்றிப் புகார் எழாவிட்டாலும், அன்றிரவு ஃபெனர்பாச்சே பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோ பேசிய பேச்சிலிருந்து புதிய சண்டை ஒன்று கிளம்பிவிட்டது.

எகிப்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. அல் அஹ்லி, ஜமாலெக் ஆகிய கெய்ரோ கிளப்புகளின் மோதலுக்கு வெளிநாட்டு நடுவரை அழைப்பது அங்கே பல ஆண்டுகளாக நடந்துவருவது. 2025 மார்ச் 11 அன்று உள்ளூர் நடுவர் நியமிக்கப்பட்டதை எதிர்த்து அல் அஹ்லி மைதானத்துக்கே வரவில்லை. சவூதி அரேபியாவிலோ பெரிய ஆட்டங்களுக்கு வெளிநாட்டு நடுவர் குழு வேண்டுமென்று கேட்கும் கிளப்பே அதற்கான செலவை ஏற்கும் ஏற்பாடு நடைமுறையில் உண்டு. சீனாவின் கதை இவை எல்லாவற்றையும்விடக் கசப்பானது. உலகக் கோப்பையில் விசில் ஊதிய முதல் சீனர் என்ற பெருமையைப் பெற்றிருந்த லூ ஜுன், லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக 2012இல் ஐந்தரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அத்தகைய அடிக்குப் பிறகு ஒரு லீக் தன் நேர்மையைக் காட்டிக்கொள்ள வெளியிலிருந்து ஆளைத் தேடுவதில் வியப்பில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விற்கப்படும் சரக்கு அசலூர்த்தனம் என்றால், அது புழங்கப் புழங்கத் தேயக்கூடியது. ஒரு டெர்பிக்காக விமானத்தில் வந்து மறுநாள் திரும்பும் வின்சிச்சுக்கு அந்தக் கவலை இல்லை. ஒப்பந்தம் போட்டு, வீடு பிடித்து, வாரந்தோறும் அதே இருபது கிளப்புகளின் முகங்களைப் பார்ப்பவர் எத்தனை நாளைக்கு அசலூர்க்காரராக இருக்க முடியும்? மூன்றாவது மாதம் அவர் கொடுக்கும் ஒரு பெனால்டி, ஆறாவது மாதம் அவர் கொடுக்க மறுத்த ஒரு பெனால்டியோடு ஒப்பிடப்படும். முதல் ஆண்டின் முடிவில் ஒவ்வொரு கிளப்பின் ரசிகர் மனத்திலும் அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்திருக்கும். அப்போது அவரிடம் மிஞ்சுவது திறமை மட்டுமே. அந்தத் திறமையை மதித்து மேலே ஏற்றிவிடும் ஏணி புதிய நாட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவருடைய மீதி வாழ்க்கை அமைகிறது.

இதற்கு எதிரெதிரான இரண்டு வாழ்க்கைகளைப் பார்க்கலாம். முதலாமவர் இங்கிலாந்தின் மார்க் கிளாட்டன்பர்க். 2016ஆம் ஆண்டின் கோடைக்குள் எஃப்.ஏ. கோப்பை இறுதி, சாம்பியன்ஸ் லீக் இறுதி, யூரோ இறுதி ஆகிய மூன்றையும் நடத்தி முடித்திருந்தார். நடுவர் தொழிலில் அதற்கு மேல் மிஞ்சியிருந்த ஒரே படி உலகக் கோப்பை இறுதிதான். 2017 பிப்ரவரியில் அவர் இங்கிலாந்தை விட்டுச் சவூதி அரேபியாவின் நடுவர் துறைக்குத் தலைமையேற்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. அந்த நாற்காலியில் அவருக்கு முன் அமர்ந்திருந்தவரும் ஆங்கிலேயர்தான்: 2010 உலகக் கோப்பை இறுதியை நடத்திய ஹாவர்டு வெப். பணம் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடல் ஓடும்வரைதான் ஊதியம் என்ற தொழிலில், நாற்பதைத் தாண்டியவர் நல்ல ஒப்பந்தத்தை ஏற்பதைக் குற்றமாகச் சொல்பவர்கள் தங்கள் ஓய்வூதியத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்த முடிவின் விலையை அவர் ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. பன்னாட்டு நடுவர் என்பதற்கு அடையாளமான ஃபிஃபா பேட்ஜ் நடுவரின் சொந்தச் சொத்தன்று. ஒவ்வொரு ஆண்டும் நாட்டுச் சங்கம் பெயர்களை அனுப்ப, ஜனவரி முதல் அந்த ஆண்டுக்கான பட்டியல் நடைமுறைக்கு வருகிறது. சங்கத்தைவிட்டு விலகினால் பேட்ஜும் விலகிவிடும். மேலும் பெரிய தொடர்களுக்கு நடுவர்கள் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஒரு நடுவரும் அவருடைய இரு துணை நடுவர்களும் ஒரு குழுவாகவே கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். கிளாட்டன்பர்க்கின் குழுவில் இருந்தவர்கள் சைமன் பெக்கும் ஜேக் காலினும். அவர் கிளம்பியதோடு அந்தக் குழு கலைந்தது. அவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப இங்கிலாந்துச் சங்கம் கேட்டும் ஃபிஃபா இசையவில்லை. விளைவாக 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் ஆங்கிலேய நடுவர் ஒருவர்கூட இல்லை. 1938க்குப் பிறகு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

அதன்பின் கிளாட்டன்பர்க்கின் பயணம் சவூதியிலிருந்து சீனாவுக்கும், அங்கிருந்து கிரீஸுக்கும், பிறகு எகிப்துக்கும் நீண்டது. சீனச் சூப்பர் லீக்கில் அவர் பணியாற்றிய காலத்தில், 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியை நடத்திய செர்பியாவின் மிலோராட் மாசிச்சும் 2019இல் அங்கே தொழில்முறை நடுவராக வந்து சேர்ந்தார். ஐரோப்பாவின் உச்சத்தைத் தொட்ட இருவர் அடுத்தடுத்து அங்கே போய்ச் சேர்ந்ததை அந்த லீக் பெருமையாகக் கருதியிருக்கும். ஆனால் இந்த ஊர்களின் வரிசையைச் சற்று நிதானித்துப் பார்த்தால், நடுவர்கள்மீது நம்பிக்கை குலைந்த இடங்களின் பட்டியலாகவே அது தெரிகிறது. கிரீஸில் 2018 மார்ச்சில், பாவோக் கிளப்பின் முதலாளி இடுப்பில் துப்பாக்கி உறையுடன் மைதானத்துக்குள் இறங்கியதும் லீக் நிறுத்தப்பட்டதும் உலகம் பார்த்த காட்சிகள். எகிப்துப் பதவி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. தீ எரியும் வீட்டுக்கு அழைக்கப்படுபவருக்கு அங்கே குடியிருக்க அழைப்பு வருவதில்லை.

இரண்டாமவர் நாம் தொடக்கத்தில் பார்த்த கில்லெட். அவருடைய பாதை தலைகீழானது. ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்கில் 2010இலிருந்து விசில் ஊதியவர், ஐந்து முறை அந்த லீக்கின் சிறந்த நடுவராகத் தேர்வானவர். இதற்கிடையே பெருமூளை வாதம் பாதித்த குழந்தைகளின் நடை பற்றி உயிர் இயக்கவியலில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டமும் பெற்றார். ஏ-லீக்கில் அவர் இருந்த காலத்தில் பெரும்பாலும் ஆடியவை பத்தே அணிகள். அவற்றுக்குள் எத்தனை முறை சிறந்தவராகத் தேர்ந்தாலும் அடுத்த படி கிடையாது. 2018 மே மாதத்து இறுதிப் போட்டி அவர் நடத்தியதுதான். ஒன்பதாவது நிமிடத்தில் மெல்போர்ன் விக்டரி போட்ட கோலுக்கு முன் ஆஃப்சைடு இருந்தது. அதைக் காணொளி பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டிய வி.ஏ.ஆர். (காணொளி உதவி நடுவர்) அறைக்கு அந்த நேரம் பார்த்துக் கேமராக் காட்சிகள் வராமல் மென்பொருள் முடங்கியது. அந்த ஒரே கோலில் நியூகாசில் ஜெட்ஸ் கோப்பையை இழந்தது. கணினி செய்த தவற்றுக்கு நடுவர் முகத்தைக் காட்ட வேண்டியிருந்த அந்த மாலையை அவர் அவ்வளவு எளிதாக மறந்திருக்க மாட்டார்.

2019இல் அவர் இங்கிலாந்துக்குப் போனபோது நேராகப் பிரீமியர் லீக்கின் கதவைத் தட்டவில்லை. இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தார். இந்த முடிவின் நுட்பம் அந்த லீக்கின் அளவில் இருக்கிறது. 24 அணிகள், அணிக்கு 46 ஆட்டங்கள், ஆண்டுக்கு 552 ஆட்டங்கள் என்று சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஓயாமல் ஓடும் இயந்திரம் அது. ஆட்ட விதிகள் பதினேழும் உலகெங்கும் ஒன்றே என்றாலும், எந்த மோதலை ஆட்டத்தின் இயல்பாக விடுவது, எதை ஃபவுல் என்று நிறுத்துவது என்ற அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும். சிட்னியில் ஆட்டக்காரர் எழுந்து போய்விடும் இடிப்புக்கு மாட்ரிட்டில் அரங்கமே எழுந்து நிற்கும். அந்த உள்ளூர் அளவுகோல் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. மழையில் நனைந்த வடக்கத்திய மைதானங்களில் நூறு ஆட்டங்களை நடத்திய பிறகே அது விசில் பிடித்த கைக்கு வருகிறது. இரண்டு பருவங்கள் அப்படிக் கழித்த பின்தான் கில்லெட்டுக்கு வாட்ஃபோர்டு ஆட்டம் கிடைத்தது. கிளாட்டன்பர்க் உச்சியிலிருந்து பக்கவாட்டில் குதித்தார். கில்லெட் வேறொரு ஏணியின் நடுப்படியில் போய் நின்றுகொண்டார்.

இப்படிப் புதிய நாட்டின் ஏணியில் ஏறியவர்கள் முன்பும் இருந்தார்கள். 1994 உலகக் கோப்பையில் பணியாற்றிய ஸ்காட்லாந்தின் லெஸ்லி மாட்ரம், தொழில்முறை லீக் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஜப்பானுக்குப் போய், ஜே-லீக்கில் விசில் ஊதி, பின்னர் அங்கேயே நடுவர்களைப் பயிற்றுவிக்கவும் செய்தார். அயர்லாந்தின் ஆலன் கெல்லி 2013இல் வட அமெரிக்காவுக்குப் போய், அங்குள்ள தொழில்முறை லீக்கான எம்.எல்.எஸ். கோப்பையின் இறுதிப் போட்டியை நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். இரண்டு இடங்களுக்கும் பொதுவானது ஒன்று: அங்கே நடுவர் பஞ்சம் இருந்ததே தவிர நம்பிக்கைப் பஞ்சம் இல்லை.

கிளாட்டன்பர்க்குக்கும் கில்லெட்டுக்கும் நடுவில் வைத்துப் பேச வேண்டியவர் ஈரானின் அலிரேசா ஃபகானி. என் கணிப்பில், வெளிநாட்டில் வாழும் நடுவரின் நிலையை முழுதாக விளங்கிக்கொள்ள இவர் கதை ஒன்றே போதும். 2015 ஆசியக் கோப்பை இறுதி, அதே ஆண்டின் கிளப் உலகக் கோப்பை இறுதி, 2016 ரியோ ஒலிம்பிக் இறுதி ஆகியவற்றை நடத்திய இவர், 2018 உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியனான ஜெர்மனியை மெக்சிகோ வீழ்த்திய ஆட்டத்தையும், பெல்ஜியமும் இங்கிலாந்தும் மோதிய மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் நடத்தினார். 2019இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து ஏ-லீக்கில் சேர்ந்தார். கில்லெட் கிளம்பிய அதே ஆண்டில், அவர் விட்டுப்போன இடத்துக்கு ஆசியாவின் முன்னணி நடுவர் ஒருவர் வந்து சேர்ந்தது ஆஸ்திரேலியாவின் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் வீடு மாறிய வேகத்தில் பேட்ஜ் மாறவில்லை. மூன்றாண்டு ஆஸ்திரேலிய வாழ்க்கைக்குப் பிறகும் 2022 கத்தார் உலகக் கோப்பையில் அவர் பெயருக்கு நேரே இருந்தது ஈரான்தான். அங்கே பிரேசில்-செர்பியா ஆட்டத்துக்கு அவரோடு களம் இறங்கிய துணை நடுவர்களும் ஈரானியர்களே. வாரந்தோறும் ஒரு குழுவோடு வேலை, உலக மேடையில் இன்னொரு குழுவோடு வேலை என்பது நடுவர்களுக்கு எவ்வளவு சங்கடமானது என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. ஆஃப்சைடுக் கோட்டில் நிற்கும் துணை நடுவர் கொடியைத் தூக்கும் முன் எவ்வளவு தயங்குவார், காதில் மாட்டிய கருவியில் எந்தச் சொல்லைச் சொன்னால் உறுதி, எந்தச் சொல்லைச் சொன்னால் ஐயம் என்பதெல்லாம் கணவன் மனைவிக்கிடையே வளர்வதுபோல் ஆண்டுக்கணக்கில் வளரும் பழக்கம். 2025 ஜூலை 13 அன்று நியூ ஜெர்சியின் மெட்லைஃப் அரங்கில் செல்சீ 3-0 என்று பி.எஸ்.ஜி.யை வென்ற கிளப் உலகக் கோப்பை இறுதியை ஃபகானி நடத்தியபோது, அவர் பெயருக்கு நேரே ஆஸ்திரேலியா வந்திருந்தது. இரு பக்கமும் கொடி பிடித்த ஆஷ்லி பீச்சமும் அன்டன் ஷ்செட்டினினும் ஆஸ்திரேலியர்கள். பத்தாண்டு இடைவெளியில், இரண்டு நாடுகளின் பெயரில், ஒரே கோப்பையின் இறுதியை இரண்டு முறை நடத்தியவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 47.

அந்த வயதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. நாடு மாறும் நடுவருக்குச் சலுகை தராத ஒன்று உடல் தகுதிச் சோதனை. பன்னாட்டு ஆண் நடுவர் 40 மீட்டரை ஆறு நொடிக்குள் ஆறு முறை ஓட வேண்டும். அதன்பின் 75 மீட்டரைப் பதினைந்து நொடிக்குள் ஓடி 25 மீட்டரைப் பதினெட்டு நொடிக்குள் நடப்பதை நாற்பது முறை, இடையில் நிற்காமல், செய்து முடிக்க வேண்டும். எந்த லீக்கில் சேர்ந்தாலும், எந்த மொழியில் திட்டு வாங்கினாலும், இந்த நான்கு கிலோமீட்டரை ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு கோடைக்காலத் தசைப்பிடிப்பு ஒப்பந்தத்தையே முடித்துவிடலாம் என்ற நிலையில், தாய்நாட்டில் திரும்பிப் போய்ச் சேர ஒரு படி காத்திருக்கிறதா என்பது சாதாரணக் கேள்வியன்று. வெப் இதைச் சரியாகக் கணித்தவர் என்று தோன்றுகிறது. சவூதியிலிருந்து 2017இல் அமெரிக்காவின் நடுவர் அமைப்புக்குப் போய், வி.ஏ.ஆர். முறையை அங்கே நிறுவி, 2022 இறுதியில் இங்கிலாந்தின் தொழில்முறை நடுவர்களுக்குத் தலைவராகத் திரும்பினார். விசிலைக் கழற்றி வைத்துவிட்ட பிறகு வெளிநாடு போனதால் அவர் இழக்க வேண்டிய பேட்ஜ் எதுவும் இருக்கவில்லை.

வெப் தலைமையேற்ற அந்த அமைப்பில்தான் கில்லெட் இன்று வேலை செய்கிறார். 2024 மே 6 அன்று கிரிஸ்டல் பேலஸ் 4-0 என்று மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்த ஆட்டத்தில், பிரீமியர் லீக்கில் முதன்முறையாகத் தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு களத்தில் ஓடியவர் அவரே. ஆஸ்திரேலியாவில் கடைசிக் காலத்தில் ஒலிவாங்கியுடன் ஆடுகளத்தில் அவர் பேசிய பேச்சு இணையத்தில் பரவியதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சோதனைக்கு அவர் தேர்வானதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று போர்ன்மத் மைதானத்தில் அர்செனல் தடுப்பாட்டக்காரர் வில்லியம் சலிபாவுக்கு நடுவர் காட்டிய மஞ்சள் அட்டையை மறுபரிசீலனை செய்யச் சொன்ன வி.ஏ.ஆர். நடுவர் கில்லெட். அட்டை சிவப்பாயிற்று, அர்செனல் 2-0 என்று தோற்றது, சலிபா அடுத்த லீக் ஆட்டத்தில் ஆட முடியாமல் போயிற்று. அந்த அடுத்த ஆட்டம் லிவர்பூலுடன். அன்றிரவே சமூக ஊடகங்களில் அர்செனல் ரசிகர்கள் கில்லெட்டுக்கும் லிவர்பூலுக்கும் முடிச்சுப் போடத் தொடங்கினார்கள். கோல்டு கோஸ்டிலிருந்து வந்தவர் என்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இவர் எந்தக் கிளப்புக்காரர் என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது.